தொட்டபெட்டாவுக்கு நடந்தே ஏறினால், உச்சியில் கிடைக்கும் காட்சி அந்த நடைக்கு ஈடாகுமா?

சிறுமுகையான்

அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பர் இரண்டாம் வாரத்தில் என் தந்தையாரை ஊட்டிக்கு அழைத்துச் செல்வதாக இருக்கிறேன். அவருக்கு வயது 66. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு உருளைக்கிழங்கும் காரட்டும் ஏற்றி வந்த லாரி ஓட்டுநர் அவர். கோத்தகிரி வழியாக இறங்கிய நாள்களில் தொட்டபெட்டா ஜங்ஷனை எத்தனையோ நூறு முறை கடந்திருக்கிறார். ஆனால் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் உச்சிக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. சரக்கு ஏற்றிய வண்டியை ஓரம் கட்டிவிட்டு மலை பார்க்கப் போனால் எந்த முதலாளி சும்மா இருப்பார் என்று சிரிக்கிறார்.

இப்போது போகலாம் என்றதும் ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். அந்தச் சாலையில் வண்டியில் போய்ப் போய் அலுத்துவிட்டதாம்; ஊட்டியிலிருந்து நடந்தே ஏற வேண்டுமாம். என் நண்பர் ஒருவரோ, மேலே கைப்பிடிச் சுவரும் கூட்டமும் மிளகாய் பஜ்ஜியும்தான் இருக்கின்றன, பத்துப் பேரில் எட்டுப் பேர் வெள்ளை மூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள், அதற்காகப் பத்து கிலோமீட்டர் நடப்பது வீண் என்கிறார். போய் வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொன்னால் உதவியாக இருக்கும்.

தூனேரி_வாசி

வணக்கம். நான் அந்த மலையின் அடியில் பிறந்தவன். எங்கள் படுக மொழியில் தொட்ட என்றால் பெரிய, பெட்டா என்றால் மலை. எனவே தொட்டபெட்டா மலை என்று எழுதுகிறவர்கள் பெரியமலை மலை என்றுதான் எழுதுகிறார்கள். அது போகட்டும்.

ஊட்டி சேரிங் கிராஸிலிருந்து கோத்தகிரி சாலையில் ஜங்ஷன் வரை ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர், அங்கிருந்து உச்சிக்கு மூன்று கிலோமீட்டர். ஊட்டி நகரம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆக நீங்கள் ஏறப்போவது நானூறு மீட்டர்தான். பழகிய காலுக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் முதல் ஆறு கிலோமீட்டர் பேருந்தும் வேனும் விடாமல் போகும் சாலை. ஓரத்தில் ஒதுங்கி நிற்கவும் பல வளைவுகளில் இடம் கிடையாது. தந்தையாரை அதில் நடக்கவிட வேண்டாம். கோத்தகிரி செல்லும் பேருந்தில் ஏறி ஜங்ஷனில் இறங்கிக்கொண்டு, கடைசி மூன்று கிலோமீட்டரை நடந்து செல்லுங்கள். காட்டுக்குள் வளைந்து ஏறும் அந்தப் பகுதிதான் நடப்பதற்குரியது. வனத்துறையின் சோதனைச் சாவடியில் கட்டணம் செலுத்த வேண்டும். விலங்கு நடமாட்டம் இருந்தால் சில நாள்களுக்கு மேலே விடமாட்டார்கள். எனவே முந்தைய நாளே விசாரித்துக்கொள்வது நல்லது.

விலங்கு என்று நான் சொல்வது பெரும்பாலும் காட்டெருமையை. நூல்களில் காட்டுமாடு என்று எழுதுகிறார்கள். ஊரில் எல்லோருக்கும் காட்டெருமைதான். அது தேயிலைக் காட்டிலும் சாலையோரத்திலும் சாதுவாக மேய்ந்துகொண்டிருக்கும். செல்பேசியை நீட்டிக்கொண்டு அருகில் போகாதவரை அதனால் தொல்லை இல்லை. விடியலின் அரையிருட்டில் மட்டும் நடக்க வேண்டாம்.

கோடநாடு_பிரியன்

உங்கள் நண்பர் சொன்னது முழுவதும் பொய்யில்லை. காட்சிக்காகத்தான் ஏறுகிறீர்கள் என்றால், நீலகிரியில் தேர்ந்தெடுக்க வேண்டிய கடைசி இடம் தொட்டபெட்டா என்பது என் கருத்து. அதற்குக் காரணம் கூட்டமும் அன்று, பஜ்ஜியும் அன்று; அந்த மலை நிற்கும் இடமே காரணம்.

நீலகிரி என்பது ஒற்றைக் கூம்பு மலை இல்லை. சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும்பி, மேலே மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கும் பீடபூமி. தொட்டபெட்டா அதன் விளிம்பில் நிற்கவில்லை, நடுப்பகுதியில் நிற்கிறது. ஆகவே உச்சியில் நின்று கீழே பார்த்தால் உங்கள் காலடியில் தெரிவது சமவெளி இல்லை. நானூறு, ஐந்நூறு மீட்டர் கீழே இருக்கும் அதே பீடபூமியின் தேயிலைத் தோட்டங்களும் வீடுகளும்தான். அதைவிட எவ்வளவோ தாழ்ந்த கோடநாடு காட்சிமுனைக்குப் போய் நின்று பாருங்கள். ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட பள்ளம் திடீரென்று திறக்கும். அதன் அடியில் மாயாறு வளைந்து ஓடும், அப்பால் பவானிசாகர் நீர்த்தேக்கம் பளபளக்கும், ஒரு பக்கம் ரங்கசாமித் தூண் தனியே எழுந்து நிற்கும். குன்னூர்ப் பக்கத்து லேம்ப்ஸ் ராக்கும் டால்பின் நோஸும் அப்படிப்பட்டவைதான். காண்பவனுக்கு வேண்டியது விளிம்பு. மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரத்தைத் தொட்டுவிட்டேன் என்று ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ள வேண்டுமானால் மட்டும் தொட்டபெட்டா.

புவியியல்_வாத்தியார்

கோடநாடு நண்பர் விளிம்பைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்கு இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டிய பிறகும், அவ்வளவு தெளிவாக நான் சொன்னதில்லை. ஆனால் அவர் அதிலிருந்து எடுக்கும் முடிவு எனக்கு உடன்பாடில்லை. விளிம்பில் நிற்பவனுக்குப் பள்ளம் தெரியும். நடுவில் நிற்பவனுக்கு நாடு தெரியும்.

தொட்டபெட்டா ஒரு தனிச் சிகரம் அன்று. வடக்குத் தெற்காக ஓடும் ஒரு மலைத்தொடரின் மிக உயர்ந்த புள்ளி அது. அந்தத் தொடர்தான் நீலகிரிப் பீடபூமியை மேற்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே முகம் திருப்பினால் ஊட்டி நகரம், ஏரி, பந்தயத் திடல், அவற்றுக்கு அப்பால் குந்தா மலைகள், தொலைவில் கேரள எல்லையை ஒட்டி முக்கூர்த்தி. தென்கிழக்கே கேத்திப் பள்ளத்தாக்கு, குன்னூர், வெலிங்டன், அதற்கும் கீழே கோவைச் சமவெளி. கிழக்கே கோத்தகிரித் தேயிலை. வடக்கே சரிவு இறங்கி மசினகுடி, மாயாறு, பிறகு மைசூர்ப் பீடபூமி. நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், ஒரு மாவட்டத்தின் வரைபடம் கண்முன் விரிந்துவிடும். தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மேற்குப் பாதிக்கு, வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கிழக்குப் பாதிக்கு என்று நாங்கள் பாடம் நடத்தும்போது மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள். அதே பாடத்தை அந்தத் தொடரின் மேல் நின்று நடத்தினால், மேற்கே கருத்த மேகம் அணைகட்டியதுபோல் நிற்க, கிழக்கே வெயில் அடிப்பதை அவர்களே பார்த்துவிடுவார்கள்.

எவ்வளவு துல்லியமான பிரிவினை என்பதற்கு இரண்டு செய்திகள் போதும். 2009 நவம்பரில், வடகிழக்குப் பருவமழையின்போது, தொட்டபெட்டாவின் தென்கிழக்கு அடியில் இருக்கும் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது, மலைச்சரிவுகள் இடிந்து உயிர்கள் போயின. 2019 ஆகஸ்டில், தென்மேற்குப் பருவமழையின்போது, மேற்கே அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. இரண்டும் ஒரே சிறிய மாவட்டத்துக்குள் அடங்கும் ஊர்கள். ஒன்றின் பேய்மழைக் காலம் மற்றதன் பேய்மழைக் காலம் அன்று. நடுவில் நிற்பது இந்தத் தொடர்.

இதிலிருந்தே உங்கள் பயணத் தேதிக்கும் ஒரு யோசனை கிடைக்கிறது, சிறுமுகைத் தம்பி. டிசம்பர் இரண்டாம் வாரத்தில் வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓய்ந்திருக்காது. வங்கக் கடலில் ஒரு தாழ்வு உருவானால் மூன்று நாள்கள் மூட்டம்தான். பொங்கல் கழிந்த பின் ஒரு வாரம் தள்ளிப் போகலாமா என்று பாருங்கள்.

சிறுமுகையான்

மிக்க நன்றி, ஐயா. தேதியை மாற்றுவதில் சிரமம் இல்லை. தந்தையார் ஓய்வில்தான் இருக்கிறார், எனக்கும் ஜனவரியில் விடுப்பு கிடைக்கும். பேருந்தில் ஜங்ஷன் வரை சென்று அங்கிருந்து நடப்பது என்பதை அவரிடம் சொன்னேன். முகம் சுளித்தார். பிறகு, அந்தச் சாலையில் ஓரமாக நடக்கிறவர்களைப் பார்த்து ஓட்டுநர் இருக்கையிலிருந்து தானே எத்தனை முறை திட்டியிருப்பேன் என்று நினைவு வந்ததோ என்னவோ, ஒப்புக்கொண்டார்.

இன்னும் ஒரு கேள்வி. காலை எத்தனை மணிக்கு உச்சியில் இருந்தால் மூட்டம் இல்லாமல் பார்க்கலாம்?

புவியியல்_வாத்தியார்

இதற்கு ஒரே நேரத்தைச் சொல்ல முடியாது, ஆனால் காரணத்தைச் சொன்னால் நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

குளிர்கால இரவில் தரை விரைவாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி, சரிவுகளின் வழியே இறங்கிப் பள்ளங்களில் போய்த் தேங்குகிறது. அதனால்தான் தலைகுந்தா போன்ற தாழ்ந்த புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்க, அதைவிட உயரமான மேடுகளில் சில விடியல்களில் குளிர் சற்றுக் குறைவாகவே இருக்கும். பள்ளத்தாக்குகளில் மூடுபனி கிடக்கும், உச்சி தெளிவாக இருக்கும். வெயில் ஏறத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. சூடான சரிவுகளை ஒட்டிக் காற்று மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் உச்சிக்கு அருகில் மேகமாகத் திரள்கிறது. பெரும்பாலான நாள்களில் முற்பகல் கடக்கும் முன்பே இது நடந்துவிடும். சுற்றுலா வண்டிகள் ஊட்டியில் காலைச் சிற்றுண்டி முடித்துவிட்டு மேலே வந்து சேரும் நேரமும் அதுதான். உங்கள் நண்பர் சொன்ன அந்த எட்டுப் பேருக்கு நேர்ந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் தெளிவு என்பதிலும் இரண்டு வகை உண்டு. உச்சியில் மேகம் இல்லாதது ஒன்று. தொலைவில் இருக்கும் காற்றில் தூசி இல்லாதது மற்றொன்று. 2,637 மீட்டர் உயரத்தில் நிற்பவனுக்கு, நடுவே மலையோ தூசியோ தடுக்காவிட்டால், கணக்குப்படி 180 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தொடுவானம் வரை தெரிய வேண்டும். கோயம்புத்தூர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர், மைசூரு நூறு கிலோமீட்டர். இரண்டும் அந்தக் கணக்குக்குள் அடங்கியவை. ஆனால் மழையில்லாத ஜனவரிக் காலையில் சமவெளியின் மேல் புகையும் தூசியும் ஒரு மூடியின் கீழ் அடைபட்டதுபோல் தங்கிவிடுவதால், ஊட்டியும் கேத்தியும் கண்ணாடிபோல் துலங்கும்போதே கோவைப் பக்கம் மோர் கரைத்து ஊற்றியது போலிருக்கும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில்தான் இரண்டு தெளிவும் ஒன்றுசேரும். அது வாய்ப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

வாயில் திறந்தவுடன் முதல் ஆளாக நடக்கத் தொடங்குங்கள் என்பதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. திறக்கும் நேரம் அவ்வப்போது மாறுகிறது. தூனேரி நண்பர் சொன்னபடி முந்தைய நாள் கேட்டுக்கொள்ளுங்கள்.

குன்னூர்_செவிலி

உடல்நிலை குறித்து யாரும் எழுதாததால் எழுதுகிறேன். 2,600 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. நலமாக இருப்பவர்களுக்கும் மூச்சு வாங்கும், அது இயல்பு. ஆனால் சமவெளியிலிருந்து காலையில் புறப்பட்டு அன்றே நடந்து ஏறுவது 66 வயதுக்கு வேண்டாம். முதல் நாள் ஊட்டியில் தங்கி, இரவு நன்றாக உறங்கி, மறுநாள் ஏறுங்கள். அப்பாவுக்கு இரத்த அழுத்தமோ இதயச் சிக்கலோ இருந்தால் புறப்படும் முன் அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ஏறும்போது பேசிக்கொண்டே நடக்கும் வேகம்தான் சரியான வேகம். பேச்சு தடைப்பட்டால் நின்றுவிட வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் உச்சியை மறந்துவிட்டுத் திரும்புங்கள்.

மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கெடுதல். இறங்கும்போது வண்டியில் இறங்கச் சொல்லுங்கள்.

நடைப்பித்தன்

மன்னிக்க வேண்டும், தார்ச்சாலையில் மூன்று கிலோமீட்டர் நடப்பதை மலையேற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் நாற்பது வழித்தடங்கள் இருக்கின்றன. முறையாக இணையத்தில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகலாம். அதில் அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டாவுக்கு ஒரு வழித்தடம் உண்டு. கோலாரிபெட்டா தொட்டபெட்டாவைவிடச் சில மீட்டர்களே குறைவு. அங்கே தொலைநோக்கி இல்லம் இல்லை, கைப்பிடிச் சுவர் இல்லை. புல்வெளியும் சோலையும் மட்டும்தான். நீலகிரி முழுவதும் இருநூறு ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது என்பதற்கு எஞ்சியிருக்கும் சாட்சி அது.

தொட்டபெட்டாவில் என்ன மிச்சம்? சரிவெங்கும் யூகலிப்டஸ் என்னும் வெளிநாட்டுக் கற்பூர மரமும், வாட்டில் என்னும் சீகை மரமும்தானே?

தூனேரி_வாசி

நடைப்பித்தன் அண்ணனுக்கு. நான் கோலாரிபெட்டாவைக் குறை சொல்லவில்லை. அங்கே நடக்க வலுவுள்ளவர்கள் நடக்கட்டும். ஆனால் 66 வயதுக்காரர் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் கண்ணெதிரே கடந்துபோன மலையில் ஏற வேண்டும் என்கிறார். அவரிடம் வேறு மலையைக் காட்டுவது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

மிச்சம் என்ன என்று கேட்டீர்கள். கற்பூர மரமும் சீகையும் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சாலையின் மேல் வளைவுகளில் இன்னும் சோலைத் துண்டுகள் இருக்கின்றன. குட்டையான, குடை விரித்தது போன்ற மரங்கள், அவற்றின் கிளைகளில் பாசி, அடியில் எப்போதும் ஈரம். தளிர் விடும் காலத்தில் சோலையின் மேல்பரப்பு முழுவதும் செம்பும் இளஞ்சிவப்புமாக மாறும். வண்டியின் கண்ணாடி வழியே போகிறவர்கள் அதைப் பூ என்று நினைத்துக்கொள்வார்கள். சோலை என்ற நம் சொல்லைத்தான் உலகத்துத் தாவரவியலார் இந்தக் காடுகளுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். குளிர்காலக் கடைசியில் போனால் காட்டுப் பூவரசு இரத்தச் சிவப்பாகப் பூத்திருக்கும். இமயமலையில் காணப்படும் அந்த மரத்தின் உறவு ஒன்று நடுவில் எங்கும் இல்லாமல் இங்கே நம் மலைகளில் நிற்பது, நடந்து போகிறவன் நின்று யோசிக்க வேண்டிய செய்தி.

வழியில் சிங்கோனாவும் கண்ணில் படலாம். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா எடுக்கும் மரம் அது. 1860இல் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து, ஊட்டி அரசுத் தோட்டத்தின் மேற்பார்வையாளராக இருந்த மெக்ஐவர் இந்தச் சரிவிலும் நடுவட்டத்திலும் பயிராக்கினார். சிங்கோனா என்ற பெயரிலேயே இன்றும் இங்கே ஒரு குடியிருப்பு இருக்கிறது. 1840களின் கடைசியில் இந்த உச்சியில் வானிலை பதிவு செய்ய ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது தார்ச்சாலை ஏது? அங்கே வேலை பார்த்தவர்கள் நாள்தோறும் இந்த மேகத்தைத்தான் எழுதி வைத்திருப்பார்கள்.

நுவரெலியா_குளிர்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் உரையாடலைப் பொறாமையுடன் வாசித்து வருகிறேன். எங்கள் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை, 2,524 மீட்டர், எங்கள் நகரத்துக்கு மேலேயே நிற்கிறது. வீட்டு வாசலிலிருந்து தினமும் பார்க்கிறோம். ஆனால் அதன் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்களும் பாதுகாப்புப் படையினரின் முகாமும் இருப்பதால் நடந்து ஏற அனுமதி இல்லை. வாகனத்தில் மட்டுமே போகலாம். எனவே நாட்டின் உயரமான மலையில் நடக்க விரும்புகிறவர்கள் இரண்டாவது மலையான கிரிகல்பொத்தவுக்குப் போகிறார்கள். ஹோர்ட்டன் சமவெளிக்குள் ஒரு வழிக்கு மட்டும் ஏழு கிலோமீட்டர் அளவில் நடக்க வேண்டும், சேறும் சதுப்பும் நிறைந்த பாதை. அங்கேயும் பெரும்பாலானோர் உலகமுடிவு என்ற விளிம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கிரிகல்பொத்தவுக்குப் போகிறவர்கள் சிலரே. விளிம்பா, உச்சியா என்ற உங்கள் வழக்கு இங்கேயும் நடக்கிறது.

நடக்க அனுமதி இருக்கும்போதே உங்கள் தகப்பனாரை அழைத்துச் செல்லுங்கள் என்பதே நான் சொல்ல வந்தது.

கோடநாடு_பிரியன்

வாத்தியார் ஐயாவின் விளக்கத்துக்குப் பிறகு என் நிலையைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறேன். ஆனால் முழுவதும் இல்லை. வரைபடம் பார்ப்பதற்கு அந்த ஊர்களின் பெயர்கள் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவனுக்கு அது பச்சைநிறத் திட்டுகள்தான். பள்ளத்துக்கு விளக்கம் தேவையில்லை. முதன்முதலாக மலை பார்க்க வரும் குடும்பத்துக்கு நான் இன்றும் கோடநாட்டைத்தான் சொல்வேன். சிறுமுகையானின் தந்தையார் விஷயம் வேறு. அந்த வரைபடத்தில் இருக்கும் சாலைகளை எல்லாம் ஓட்டித் தேய்த்தவர் அவர்.

சிறுமுகையான்

போய் வந்துவிட்டோம். பொங்கல் முடிந்து ஒன்பதாம் நாள் ஏறினோம். எல்லோரும் கேட்டிருந்ததால் விரிவாக எழுதுகிறேன்.

அரசுப் பேருந்தில் போனதால், சொந்த வண்டியில் நீலகிரிக்குப் போகிறவர்கள் இணையத்தில் எடுக்க வேண்டிய இ-பாஸ் தொல்லை இல்லை. முதல் நாள் ஊட்டியில் தங்கினோம். மறுநாள் ஜங்ஷனில் இறங்கியபோது தந்தையார் உடனே நடக்கவில்லை. சாலையின் ஓரத்தில் கால்மணி நேரம் நின்று, கோத்தகிரிப் பக்கம் இறங்கும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த லாரியில் பாரம் கூடுதல், எந்த ஓட்டுநர் கியரை மாற்றாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறான் என்று ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு. வாயில் திறந்தவுடன் நுழைய வேண்டும் என்ற நம் திட்டம் அங்கேயே கால்மணி நேரம் பின்தங்கிவிட்டது.

அந்த மூன்று கிலோமீட்டருக்கு எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. குன்னூர்ச் சகோதரி சொன்ன பேச்சுக் கணக்கைப் பின்பற்றினோம். அவர் பேச்சு நின்றபோதெல்லாம் நாங்களும் நின்றோம். நின்ற இடங்களில்தான் பார்க்கக் கிடைத்தது என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். இரண்டாவது முறை நின்ற வளைவில் மரங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி இருந்தது. அதன் வழியே கீழே முழுவதும் பஞ்சு நிரப்பிய தொட்டிபோல் மூடுபனி. அதற்கு மேல் இரண்டு மூன்று குன்றுகளின் தலைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. வண்டியில் போகிறவனுக்கு அந்த இடைவெளி அரை வினாடிகூட இருக்காது. சோலைத் தளிர் நிறம் மாறத் தொடங்கியிருக்கவில்லை. காட்டுப் பூவரசு ஒரே ஒரு மரத்தில், உச்சிக் கிளையில் நாலைந்து கொத்து. காட்டெருமை ஒன்றும் எதிர்ப்படவில்லை, அதன் சாணத்தை மட்டும் பார்த்தோம்.

உச்சியை அடைந்தபோது மேற்கும் தெற்கும் தெளிவாக இருந்தன. ஏறக்குறைய இருபது நிமிடங்கள். பிறகு கிழக்குச் சரிவிலிருந்து மேகம் புகைபோல் கிளம்பி, கேத்தியை மூடி, கைப்பிடிச் சுவருக்கு வந்து, எங்களையும் மூடிவிட்டது. சுற்றுலா வேன்கள் அதன் பின்னர்தான் வரிசையாக வந்தன, வாத்தியார் ஐயா எழுதியது எழுதியபடியே. கோவைப் பக்கம் அவர் சொன்ன மோர்தான். தொலைநோக்கி இல்லத்துக்குள் போக வரிசை இருந்தது. தந்தையார் வேண்டாம் என்றுவிட்டார்.

அந்த இருபது நிமிடத்தில் அவர் மலையை எங்கே பார்த்தார்? சாலையைத் தேடினார். கேத்திக்கு மேலே தெரிந்த ஒரு வெள்ளைக் கோட்டைக் காட்டி, அதுதான் குன்னூர் சாலை, அந்த இரண்டாவது வளைவில்தான் ஒரு மழை இரவில் மண் சரிந்து பன்னிரண்டு மணி நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன் என்றார். எனக்கு இதுவரை சொல்லாத கதை. கோடநாடு நண்பர் கடைசியாக எழுதியிருந்ததை அப்போது நினைத்துக்கொண்டேன். இறங்கும்போது நடந்துதான் இறங்குவேன் என்று பிடிவாதம் பிடித்தார். இருந்தாலும் ஒரு வேனில் இடம் கேட்டு ஏற்றிவிட்டேன்.

இப்போது ஒரு சந்தேகம். நேர் மேற்கே, ஊட்டி ஏரிக்கும் அப்பால், எல்லா மலைகளுக்கும் பின்னால் ஒரு கூர்மையான சிகரம் தெரிந்தது. ஒரு பக்கம் சரிவாக ஏறி, மறுபக்கம் கத்தியால் வெட்டியதுபோல் இறங்கியது. அதுதான் கோலாரிபெட்டாவா?

புவியியல்_வாத்தியார்

நேர் மேற்கு என்பதையும் வெட்டியதுபோல் என்பதையும் வைத்துப் பார்த்தால், தம்பி, நீங்கள் பார்த்தது கோலாரிபெட்டா இல்லை, முக்கூர்த்தி. 2,554 மீட்டர். அதன் மேற்கு முகம் கேரளப் பக்கம் செங்குத்தாக விழுகிறது. சூர்ப்பணகையின் அறுபட்ட மூக்குத்தான் அந்த மலை என்றும், அதனாலேயே அந்தப் பெயர் என்றும் ஊரில் சொல்வார்கள். தோடர்களுக்கு அது இறந்தவர்களின் உயிர் மறுவுலகத்துக்குப் புறப்படும் மலை. கோலாரிபெட்டா அதற்குத் தெற்கே, சற்று இடப்பக்கமாக, அவ்வளவு கூர்மையில்லாமல் இருந்திருக்கும். வரிசையோடு வரிசையாக இருப்பதால் பலர் அதைக் கவனிப்பதில்லை. படம் எடுத்திருந்தால் இங்கே பதிவிடுங்கள், உறுதியாகச் சொல்கிறேன்.

சிறுமுகையான்

படம் இருக்கிறது, ஐயா, ஆனால் பாதிப் படத்தில் என் தந்தையாரின் குல்லாய்தான் இருக்கிறது. மாலையில் பதிவிடுகிறேன். கோடநாட்டுக்குக் கோத்தகிரியிலிருந்து பேருந்து உண்டா என்று அவர் கேட்கச் சொன்னார்.

கோடநாடு_பிரியன்

உண்டு. கோத்தகிரி பேருந்து நிலையத்தில் முந்தைய நாளே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் பேருந்தின் நேரத்தையும் சேர்த்து.